உறைகாப்பான்களும் நன்னீர் மீன்களின் உறைவிந்தும்

கால்நடை வளர்ப்பில் உறைவிந்து இன்று வியப்புக்குரிய பொருள் அன்று. காளையின் விந்து உறைநிலையில் திரவ நைட்ரஜன் குடுவைகளில் ஊர் ஊராகச் சென்று, கால்நடை மருந்தகத்தில் ‘சினை ஊசி’யாகப் பசுவுக்குச் செலுத்தப்படுவது தமிழ்நாட்டு உழவர்கள் நன்கறிந்த நடைமுறை. மீனின் விந்தை உறைய வைக்கும் முயற்சியும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் தொடங்கியது. ஆயினும் எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் நன்னீர் மீன்களின் உறைவிந்து பெரும்பாலும் ஆய்வகத்தையும் மரபு வள வங்கியையும் விட்டு வெளியே வரவில்லை. குஞ்சுப் பொரிப்பகங்களில் அது அன்றாடப் பொருளாகவில்லை. இதற்குக் காரணம் கேட்டால், ஒவ்வோர் இனத்துக்கும் உரிய உறைகாப்பான், அதாவது குளிரில் உயிரணு சிதையாமல் காக்கும் வேதிப்பொருள், இன்னும் உறுதிப்படவில்லை என்ற விடையே பொதுவாகக் கிடைக்கிறது. அந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது இத்துறையில் இதுவரை நடந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது தெரியவருகிறது.

உறைகாப்பானின் வரலாறு ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு புட்டியிலிருந்து எடுத்த கரைசல் மட்டும் எதிர்பாராத வெற்றியைத் தந்தது. ஆராய்ந்ததில் அப்புட்டியில் இருந்தது சர்க்கரை அன்று, கிளிசரால் கலந்த வேறொரு கரைசல் என்பது தெரிந்தது. 1949இல் வெளியான இக்கண்டுபிடிப்பே உறைவிந்துத் தொழில்நுட்பம் முழுவதற்கும் அடித்தளம். நான்கே ஆண்டுகளில், 1953இல், பிளாக்ஸ்டர் கடல் மீனாகிய ஹெர்ரிங்கின் விந்தைக் கிளிசரால் சேர்த்து உலர்பனிக்கட்டியின் குளிரில் வைத்துக் காத்து, ஒரே ஆண்டில் வெவ்வேறு பருவங்களில் சினைவிடும் இரு ஹெர்ரிங் கூட்டங்களைக் கலப்பினம் செய்து காட்டினார். 1959இல் லவ்லாக்கும் பிஷப்பும் டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பானுக்கும் இதே காப்பாற்றல் உண்டு என்று நிறுவினர். ஆய்வகப் பேச்சில் டி.எம்.எஸ்.ஓ. என்று சுருங்கிய இந்தப் பொருளே அதன்பின் நெடுங்காலம் மீன் விந்து ஆய்வுகளின் மையத்தில் இருந்தது.

காப்பான் எதிலிருந்து காக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விந்துநீரைக் குளிரூட்டும்போது பனிப்படிகங்கள் முதலில் தோன்றுவது உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரில்தான். தூய நீர் மட்டுமே படிகமாகிப் பிரிவதால், எஞ்சிய திரவத்தில் உப்புகளின் அடர்வு ஏறிக்கொண்டே போகிறது. அந்த அடர்வு உயிரணுவின் உள்நீரை வெளியே இழுக்க, அணு சுருங்குகிறது. குளிர்ச்சி மிக மெதுவாக நடந்தால் உயிரணு அடர்ந்த உப்புக் கரைசலில் நெடுநேரம் கிடந்து சவ்வும் புரதங்களும் கெடுகின்றன. மிக விரைவாக நடந்தால் உள்நீர் வெளியேற நேரமின்றி அணுவுக்குள்ளேயே பனிப்படிகம் உருவாகி அதைச் சிதைக்கிறது. மேசரும் அவருடைய கூட்டாளிகளும் 1972இல் இவ்விரு கேடுகளையும் சேர்த்து விளக்கியதிலிருந்து, இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வோர் உயிரணு வகைக்கும் உரிய குளிரூட்டு வேகம் ஒன்று உண்டு என்பது இத்துறையின் அடிப்படைக் கொள்கையாயிற்று. இந்தக் கட்டத்தைக் கடந்து -196 டிகிரி செல்சியசில் உள்ள திரவ நைட்ரஜனைச் சேர்ந்த விந்தணுவில் வேதிவினை எதுவும் நடப்பதற்கில்லை. அங்கே அது ஓராண்டு கிடந்தாலும் ஐம்பது ஆண்டுகள் கிடந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆபத்து சேமிப்பில் இல்லை, அங்கே போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும்தான் இருக்கிறது.

இந்த வழித்துணையாக அமையும் காப்பான்கள் இரு வகைப்படும். கிளிசரால், டி.எம்.எஸ்.ஓ., மெத்தனால், எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் அசிட்டமைடு போன்ற சிறு மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து உயிரணுவுக்குள் புகுந்து, நீருடன் பிணைந்து, ஒவ்வொரு குளிர்நிலையிலும் உறையாமல் எஞ்சும் திரவத்தின் அளவைக் கூட்டுவதால் உப்பின் அடர்வு தாங்கக்கூடிய எல்லைக்குள் நிற்கிறது. சுக்ரோஸ், டிரெஹலோஸ், பால் புரதம், முட்டை மஞ்சள்கரு போன்றவை உள்ளே புகாமல் வெளியே நின்று, அணுவின் நீரை முன்கூட்டியே அளவாக வெளியேற்றியும் சவ்வின் மேற்பரப்பைத் தாங்கியும் உதவுகின்றன. முதல் வகை இல்லாமல் இரண்டாம் வகை மட்டும் போதுமான பலன் தருவது அரிது. இரண்டும் சேரும்போதுதான் முடிவுகள் ஒப்புக்கொள்ளத்தக்கனவாகின்றன.

காளை விந்துக்குக் கைகொடுத்த முறையை அப்படியே எடுத்து நன்னீர் மீனுக்குப் பொருத்த முடியாமைக்கு மீன் விந்தணுவின் இயல்பே காரணம். பாலூட்டியின் விந்தணு, வெளிவந்த பின் மணிக்கணக்கில் நீந்த வல்லது. கெண்டையின் விந்தணுவோ விதைப்பையிலும் விந்துநீரிலும் அசைவற்றே கிடக்கிறது. தன் சூழலின் சவ்வூடு அழுத்தம், அதாவது கரைபொருள்களின் மொத்த அடர்வு, கிலோகிராமுக்கு ஏறத்தாழ 300 மில்லி ஆஸ்மோலிலிருந்து திடீரெனக் குறையும்போதுதான், அதாவது ஆற்றுநீரில் விழும்போதுதான் அது விழித்தெழுகிறது. விழித்தபின் அதற்குக் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். அதற்குள் அதன் ஆற்றல் இருப்பு தீர்ந்துபோவதோடு, நன்னீரை உறிஞ்சி உடலும் வாலும் ஊதிக் கெட்டுவிடுகின்றன. டிரவுட், சால்மன் குடும்பத்தில் இந்த விழிப்புக்கு அழுத்தத்தைவிடப் பொட்டாசிய அயனியின் குறைவே தூண்டுகோல். டிரவுட்டின் நீச்சல் அரை நிமிட அளவில் முடிந்துவிடும்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறைக் கட்டுப்பாடு கடுமையானது. உறைகாப்பானைச் சேர்ப்பதற்கு முன் விந்துநீரை ஒரு கரைசலில் கலந்து பெருக்க வேண்டும்; எக்ஸ்டெண்டர் என்று வழங்கும் அந்த நீர்ப்புக் கரைசலின் அழுத்தம் சிறிது குறைந்தாலும் விந்தணுக்கள் குடுவைக்குள்ளேயே நீந்தித் தீர்ந்து, உறைவதற்கு முன்பே பயனற்றுப்போகும். வயிற்றை அழுத்தி ஆண் மீனிடமிருந்து விந்தைப் பிதுக்கும்போது சிறுநீர் கலப்பதும் இதே கேட்டை விளைவிக்கும். இந்த எளிய தவறு கண்ணுக்குத் தெரிவதில்லை. உறைய வைத்த பிறகு அசைவு குறைந்திருப்பதைக் கண்டு காப்பான்மீது பழி சுமத்தப்படுகிறது. தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்ட காப்பான்களில் சில உண்மையில் சிறுநீரிடம் தோற்றவை என்று ஐயுற இடமுண்டு.

கடல் மீன்களின் விந்து பொதுவாக நன்னீர் மீன்களின் விந்தைவிட உறைதலை நன்கு தாங்குகிறது என்பது இத்துறையில் நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டு வரும் உண்மை. கடல் மீனின் விந்தணு தன்னைவிட அடர்ந்த உப்புநீரில் இறங்கி, நீரை இழந்து சுருங்கும் நிலையிலேயே நீந்தப் பழகியது. உறைதலின்போது நேரும் நீரிழப்பு அதற்குப் புதிதன்று. நன்னீர் மீனின் விந்தணு இதற்கு நேர்மாறான திசையில் பழகியது. ஹெர்ரிங்கில் 1953லேயே கண்ட வெற்றி கெண்டையில் எளிதில் கைகூடாமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் எனலாம்.

கிளிசரால் நன்னீர் மீன்களில் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தது. அதன் மூலக்கூறு நிறை 92. சவ்வைக் கடந்து உட்புகுவதில் அது மெதுவானது. மீன் விந்தணுவோ நெடுநேரம் காத்திருக்க வைக்கக்கூடியது அன்று. புகுவதற்கு அவகாசம் தந்தால் நச்சாகிறது, தராவிட்டால் காப்பதில்லை. அதன் இடத்தைப் பிடித்த டி.எம்.எஸ்.ஓ. மூலக்கூறு நிறை 78 கொண்டது, விரைந்து ஊடுருவுவது. சால்மன் குடும்பத்திலும் கெண்டைக் குடும்பத்திலும் 1970கள், 1980களில் வந்த வெற்றிகளில் பெரும்பகுதி இதைக்கொண்டே அடைந்தவை. இந்தியப் பெருங்கெண்டைகளாகிய கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றுக்கும், மங்களூரு மீன்வளக் கல்லூரியினர் 2004இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட தக்காண மஹ்சீருக்கும் இதுவே முதன்மைக் காப்பானாக அமைந்தது. டி.எம்.எஸ்.ஓ.வைக் கையாளும்போது மறக்கக்கூடாத ஒன்று, அது நீருடன் கலக்கையில் வெப்பம் வெளியிடும் என்பது. விந்துநீரில் அதை நேரே ஊற்றினால் உயிரணுக்கள் சூட்டிலும் நச்சிலும் ஒருங்கே மடியும். எனவே அதை முன்கூட்டியே நீர்ப்புக் கரைசலில் கலந்து, குளிர வைத்த பிறகே விந்தைச் சேர்க்க வேண்டும்.

மெத்தனாலின் வரவு எதிர்பாராதது. மனிதருக்குக் கொடிய நஞ்சாகிய இந்தச் சாராயப் பொருள், மீன் விந்தணுவுக்கு டி.எம்.எஸ்.ஓ.வைவிட மென்மையானது என்பது 1980களின் தொடக்கத்தில் வரிக்குதிரை மீனிலும், 1983இல் திலாப்பியாவிலும் ஹார்வி செய்த ஆய்வுகளால் தெரியவந்தது. இரண்டிலும் கொழுப்பு நீக்கிய பால் துணையாக நின்றது. பின்னர் ஹங்கேரி ஆய்வாளர்கள் சாதாரணக் கெண்டையில், குளுக்கோஸ் கரைசலும் நூற்றுக்குப் பத்து மெத்தனாலும் சேர்ந்த மிக எளிய கலவையே டி.எம்.எஸ்.ஓ.வை விஞ்சுகிறது என்று காட்டினர். போலந்தில் டிரவுட்டுக்கும் குளுக்கோஸ்–மெத்தனால் சேர்க்கை நிலைபெற்றது. மெத்தனாலின் மூலக்கூறு நிறை 32 மட்டுமே. அது நொடிகளில் உள்ளே புகுகிறது, உருகிய பின் நொடிகளில் வெளியேறவும் செய்கிறது. புகுந்து வெளியேறும்போது உயிரணு ஊதுவதும் சுருங்குவதும் குறைவு என்பதே அதன் பெரும் நன்மை என்று கருதலாம். அதன் குறையும் அதே இயல்பிலிருந்து வருவது: எளிதில் ஆவியாகிப்போகும், காற்றின் ஈரத்தை ஈர்க்கும், திறந்து மூடிய பழைய புட்டியில் இருப்பது விவரச்சீட்டில் உள்ள மெத்தனாலாக இருக்காது.

ஸ்டர்ஜன் மீன்களில் மெத்தனாலின் மேன்மை வேறொரு காரணத்தால் துலங்குகிறது. எலும்பு மீன்களில் மிகப் பெரும்பாலானவற்றின் விந்தணுவுக்கு, முட்டையின் உறையைக் கரைத்துத் துளைக்கும் அக்ரோசோம் என்ற தலைக்கவசம் கிடையாது. முட்டையிலேயே மைக்ரோபைல் என்ற நுண்துளை ஒன்று வாயிலாக அமைந்திருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை. ஸ்டர்ஜனோ பழைமையான மரபைச் சேர்ந்தது. அதன் முட்டையில் துளைகள் பல உண்டு, விந்தணுவில் அக்ரோசோமும் உண்டு. டி.எம்.எஸ்.ஓ.வில் உறைந்த ஸ்டர்ஜன் விந்து உருகியபின் நன்றாக நீந்தினாலும் கருவுறச் செய்வதில் பின்தங்கியது. முட்டையை அடையும் முன்னரே அக்ரோசோம் வெடித்து வீணாகிவிடுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. நீந்துவதும் கருவுறச் செய்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை.

காப்பான்களை ஒப்பிடும் ஆய்வுகளில் அடிக்கடி கவனிக்கப்படாத ஒரு கணக்கு உண்டு. ‘பத்து விழுக்காடு’ என்று அளவுகோலில் சமமாக ஊற்றப்படும் மெத்தனாலும் டி.எம்.எஸ்.ஓ.வும் மூலக்கூறு எண்ணிக்கையில் சமமல்ல; கன அளவில் பத்து விழுக்காடு மெத்தனால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 மோல், டி.எம்.எஸ்.ஓ. 1.4 மோல், கிளிசராலும் கிட்டத்தட்ட அவ்வளவே. உறைநிலையைத் தாழ்த்தும் ஆற்றல் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், சம விழுக்காட்டில் நடந்த ஒப்பீடுகள் மெத்தனாலுக்குத் தொடக்கத்திலேயே ஒரு சாதகத்தைக் கொடுத்துவிடுகின்றன. மெத்தனாலின் வெற்றி இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் எது மேல் என்ற கேள்விக்கு அளித்த விடைகளில் எத்தனை இந்தக் கணக்கைக் கடந்து நிற்கும் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

துணைக் காப்பான்களைப் பொறுத்தவரை, முட்டை மஞ்சள்கருவிலுள்ள அடர்வு குறைந்த கொழுப்புப் புரதங்கள் சவ்வைப் போர்த்திக் காக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு கோழியின் முட்டை இன்னொரு கோழியின் முட்டை அன்று. தொகுதிக்குத் தொகுதி மாறும் பொருளைக்கொண்டு செந்தரமான முறை ஒன்றை வகுப்பது கடினம், நோய்க்கிருமி கடத்தும் அச்சமும் உடனிருக்கிறது. குளுக்கோஸ் போன்ற எளிய, எங்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் பொருள்களை நோக்கி அண்மைக்கால ஆய்வுகள் நகர்ந்திருப்பது நல்ல திசை.

காப்பான் எவ்வளவு நல்லதாயினும் குளிரூட்டும் முறை தவறினால் பயனில்லை. கால்நடைத் துறையிலிருந்து மீன் துறை கடன் வாங்கியவற்றில் மிகப் பயன்பட்டது உறைவிந்துக் குச்சி, அதாவது 0.25 அல்லது 0.5 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய நெகிழிக் குழல். கணினி கட்டுப்படுத்தும் உறைவிப்பான் இல்லாத இடங்களில், தெர்மோகோல் பெட்டியில் திரவ நைட்ரஜனை ஊற்றி, அதன்மேல் மிதக்கும் சட்டத்தில் குச்சிகளைப் படுக்க வைத்து, திரவத்துக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர் மேலுள்ள ஆவியில் மூன்று நிமிடம் நிறுத்திப் பின் திரவத்தில் மூழ்கவிடும் எளிய முறை உலகெங்கும் வழக்கிலுள்ளது. உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும், பெட்டியின் மூடி திறந்திருந்தாலும், ஒரே நேரத்தில் அடுக்கும் குச்சிகள் கூடினாலும் குளிரூட்டு வேகம் மாறிவிடும். ஆயினும் பல ஆய்வறிக்கைகள் ‘ஆவியில் உறைய வைக்கப்பட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. காப்பானின் அளவைப் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் எழுதும் அதே கை, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி வேகத்தில் குளிர்ந்தது என்பதை எழுதாமல் விடுகிறது. உருக்குவதிலும் இதே நிலைதான். உருகும்போது மெதுவாகச் சென்றால் சிறு படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரும்படிகங்களாகி அணுவைக் கிழிக்கும் என்பதால், குச்சியை 40 டிகிரி வெந்நீரில் சில நொடிகள் மட்டும் அமிழ்த்தி எடுப்பது போன்ற விரைவான முறைகள் பின்பற்றப்படுகின்றன. நொடிக்கணக்குப் பிசகினால் விந்து வெந்துபோகும்.

முடிவுகளை அளவிடும் முறையே இத்துறையின் மிகப் பெரிய பலவீனம். உருகிய விந்தணுக்களில் நூற்றுக்கு எத்தனை அசைகின்றன என்பதை நுண்ணோக்கியில் கண்ணால் மதிப்பிட்டு எழுதுவது நெடுங்கால வழக்கம். ஒரே துளியைப் பார்க்கும் இருவர் இருவேறு எண்களைச் சொல்வது இயல்பு. கணினிவழி விந்தணு ஆய்வுக் கருவிகள் வந்தபின் இக்குறை ஓரளவு தீர்ந்தது. கருவுறும் விழுக்காட்டை அளவுகோலாகக் கொள்வது இன்னும் நம்பகமானதாகத் தோன்றினாலும் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஒரு முட்டைக்குத் தேவைக்கு மிகையான எண்ணிக்கையில் விந்தணுக்களைக் கொட்டினால், நூற்றுக்குத் தொண்ணூறு செத்திருந்தாலும் எஞ்சிய பத்து, வேலையை முடித்துவிடும்; முட்டை கருவுற்றதைக் கண்டு காப்பான் வென்றதாக அறிவிக்கப்படும். எனவே ஒரு முட்டைக்கு எத்தனை விந்தணு என்ற விகிதத்தைக் குறிக்காத ஆய்வின் கருவுறு விழுக்காட்டுக்குப் பொருள் மிகக் குறைவு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டியர்ஷும் அவருடைய குழுவினரும் நீர்வாழ் உயிர்களின் உறைவிந்தைத் தொழிற்சாலைப் பொருள்போலச் செந்தரப்படுத்த வேண்டும் என்று பல்லாண்டுகளாக வலியுறுத்தி வருவதும், காளை விந்துக்கான கருவிகளிலேயே நீலக் கெளிற்றின் விந்தைப் பெருமளவில் உறைய வைத்துக் காட்டியதும் இந்தப் பின்னணியில்தான் மதிப்புப் பெறுகின்றன. அந்தக் கெளிற்றின் ஆணிடமிருந்து விந்தைப் பிதுக்கி எடுக்க இயலாது. கொன்று விதைப்பையை எடுத்தாக வேண்டும் என்பதால், ஓர் ஆணின் விந்தைப் பல பருவங்களுக்குப் பகிர்ந்து பயன்படுத்த உறைவிந்தே வழி.

உறைந்து மீண்ட விந்தணுவின் டி.என்.ஏ.வில் முறிவுகள் தோன்றலாம் என்பது டிரவுட் உள்ளிட்ட இனங்களில் ஆராயப்பட்டிருக்கிறது. சேதம் பொதுவாக மிதமானதே. முட்டைக்குள் இருக்கும் பழுதுநீக்கும் ஏற்பாடு அதில் ஒரு பகுதியைச் சரிசெய்தும் விடுகிறது. ஆயினும் வங்கியில் நூறாண்டு காக்கவேண்டிய பொருளுக்கு, குஞ்சு பொரித்ததா என்பதோடு சோதனையை நிறுத்திவிடுவது போதாது.

இந்தியாவில் உறைவிந்தின் தேவை தனி வடிவம் கொள்கிறது. 1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டைகளைச் சினைவிடச் செய்ததிலிருந்து, ஆற்றில் குஞ்சு பிடித்து வந்த மீன் வளர்ப்பு பொரிப்பகத்தை நம்பும் தொழிலாக மாறியது. பெருக்கம் எளிதானபோது தாய்மீன்களை ஆற்றிலிருந்து புதுப்பிக்கும் பழக்கம் குன்றியது. கர்நாடகப் பொரிப்பகங்களை ஆராய்ந்து ஏக்நாத்தும் டாயிலும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுகளிடையே இனப்பெருக்கம், ஆண்டுக்கு 2 முதல் 17 விழுக்காடு வரை ஏறுவதாக மதிப்பிட்டது. வெளியூர்ப் பொரிப்பகம் ஒன்றின் ஆண் மீனையோ ஆற்று மீனின் விந்தையோ கொண்டுவந்து சேர்ப்பதே இதற்கு மாற்று. உயிருள்ள மீனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுசெல்வதைவிட ஒரு குடுவையில் குச்சிகளைக் கொண்டுசெல்வது எளிது, நோய் பரவும் வாய்ப்பும் குறைவு. 1983இல் அலகாபாத்தில் தொடங்கிப் பின்னர் லக்னோவில் நிலைபெற்ற தேசிய மீன் மரபு வளப் பணியகமும், புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்கையிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனமும் இதற்கான முறைகளைப் பெருங்கெண்டைகளுக்கு வகுத்தன. பணியகத்தின் கொச்சி மையம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரிய லேபியோ துசுமேரி, மஞ்சள் கெளிறு போன்ற இனங்களுக்கும் அவற்றை விரிவாக்கியது.

முறை இருந்தும் பொரிப்பகங்கள் அதைத் தழுவாமைக்குக் காரணம் தேடினால் உறைகாப்பான் பட்டியலில் அது கிடைக்காது. இந்தியாவின் கெண்டைப் பொரிப்பகங்களில் மிகப் பல, சீன முறையிலான வட்டத் தொட்டியில் ஊசியிட்ட ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விட்டு, ஓடும் நீரில் அவை தாமாகவே சினைவிடுவதை நம்பி இயங்குபவை. அங்கே முட்டையைக் கையால் பிதுக்கி எடுத்து, நீர் படாமல் விந்தோடு கலந்து, பின்னர் நீர் சேர்க்கும் உலர்முறைக் கருவூட்டல் வழக்கத்திலேயே இல்லை. உறைவிந்துக்கோ அந்த முறை மட்டுமே பொருந்தும். ஒரு பசுவுக்கு ஒரு குச்சி போதும் என்ற கணக்கும் இங்கே செல்லாது. ஒரு தாய்க்கெண்டை இடும் முட்டைகள் லட்சக்கணக்கில் வரும், அவற்றுக்கு உரிய குச்சிகளும் அதற்கேற்பக் கூடும். திரவ நைட்ரஜன் தடையின்றிக் கிடைப்பது, குச்சியை உருக்கிய நொடியிலேயே முட்டை தயாராக இருப்பது, மழைக்காலத்தின் சில வாரங்களுக்குள் இவை அனைத்தும் கூடிவருவது ஆகியவை காப்பானின் தேர்வைவிடக் கடினமான நிபந்தனைகள். ஆகவே விற்பனைக்கான குஞ்சு உற்பத்திக்கு உறைவிந்தைப் பரிந்துரைப்பது பொருந்தாத யோசனை. தாய்மீன் கூட்டத்தைப் புதுப்பிக்கச் சில தாய்மீன்களின் முட்டைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, பிறக்கும் குஞ்சுகளை அடுத்த தலைமுறைத் தாய்மீன்களாக வளர்ப்பதே அதன் இயல்பான இடம். ஆணைக் கொன்று விதைப்பையை எடுக்கவேண்டிய நாட்டுக் கெளுத்தி போன்ற இனங்களில் மட்டும் அன்றாடப் பயன்பாட்டுக்கும் அது தகும்.

வங்கி என்ற முறையில் பார்த்தால் நிலைமை வேறு. நார்வே நாடு, கைரோடாக்டிலஸ் என்ற ஒட்டுண்ணியாலும் அமில மழையாலும் ஆற்றுவாரியாக அழிந்துகொண்டிருந்த காட்டுச் சால்மன் கூட்டங்களின் விந்தை 1986 முதல் உறைய வைத்து வருகிறது. அமெரிக்காவின் வடமேற்கில் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர், பல்கலைக்கழகங்களின் துணையோடு, ஸ்நேக் ஆற்றின் சினூக் சால்மனுக்காக 1992இல் இப்பணியைத் தொடங்கினர். யாங்சி ஆற்றின் சீனத் துடுப்புமீனுக்கு அப்படி ஒருவரும் செய்யவில்லை. 2022இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட அந்தப் பெருமீன், வளர்ப்பில் ஒன்றும் இல்லாமலும் உயிருள்ள திசு எதுவும் சேமிக்கப்படாமலும் மறைந்தது என்பதை அதன் அழிவை ஆராய்ந்த சீன அறிவியலாளர்களே பதிவுசெய்துள்ளனர்.

விந்து மட்டும் காத்தால் போதுமா என்ற வினாவும் எழுகிறது. மீன் முட்டை பெரியது, மஞ்சள்கரு நிறைந்தது, கன அளவுக்கு ஏற்ற மேற்பரப்பு இல்லாதது, காப்பான் எளிதில் புகாத உறைகளால் சூழப்பட்டது. அதனால் விந்துக்குப் பயன்படும் எந்த முறையும் அதற்குப் பயன்படவில்லை. வரிக்குதிரை மீனின் கருவில் காப்பானையும் பொன் நுண்துகள்களையும் ஊசியால் செலுத்திக் கண்ணாடிபோல உறைய வைத்து, லேசர் ஒளியால் நொடிக்குள் உருக்கி, சிலவற்றை உயிரோடு மீட்ட ஆய்வு 2017இல் வந்தது. அது ஆய்வகச் சாதனை, பண்ணைக்கு உரியது அன்று. இதனினும் நம்பிக்கை தருவது ஜப்பானில் யோஷிசாகி குழுவினர் கண்ட வழி. உறைய வைத்த டிரவுட் விதைப்பையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை வேறோர் இன மீன்குஞ்சுகளில் பொருத்தி, அவை வளர்ந்து டிரவுட்டின் விந்தையும் முட்டையையும் தருமாறு செய்ததை 2013இல் அவர்கள் வெளியிட்டனர். விதைப்பைத் திசுவை உறைய வைக்கவும் வேண்டியவை அதே டி.எம்.எஸ்.ஓ.வும் சர்க்கரைகளும்தான் என்பதால், விந்தைச் சேமிக்கும் வங்கி அதனோடு திசுவையும் சேமிப்பது பெரிய கூடுதல் செலவன்று.

தென்னிந்தியாவில் இத்தகைய வங்கியில் இடம்பெற முதல் உரிமை கோரும் மீன், காவிரி வடிநிலத்துக்கு மட்டுமே உரிய திமில் மஹ்சீர். பல்லாண்டுகள் அறிவியல் பெயர் குழம்பிக் கிடந்த இம்மீன் 2018இல்தான் டோர் ரெமாதேவி என்று உறுதிசெய்யப்பட்டு, மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் எஞ்சிய வாழிடங்களில் நீலகிரிச் சரிவில் ஓடும் மோயாறும் ஒன்று. காவிரியில் பிற இன மஹ்சீர்க் குஞ்சுகளைப் பெருமளவில் விட்டதும் அதன் வீழ்ச்சியோடு தொடர்புடையது என்று கருதப்படுகிறது. அதன் நெருங்கிய உறவாகிய தக்காண மஹ்சீருக்கு வகுத்த முறை தொடக்கப் புள்ளியாகக் கைவசம் இருக்கிறது, டி.எம்.எஸ்.ஓ.வா மெத்தனாலா என்பதைச் சில குச்சிகளில் சோதித்து அறிந்துகொள்ளலாம். ஆனால் கலப்புற்ற கூட்டத்தின் விந்தை எந்தக் காப்பானில் உறைய வைத்தாலும் வங்கியில் சேர்வது கலப்பே. எனவே ஒவ்வொரு குச்சியிலும் ஆறு, இடம், நாள், தந்தை மீனின் மரபணுப் பதிவு ஆகியவை எழுதப்பட வேண்டும். ஆற்றுக் கூட்டங்கள் கலப்பின்றி இருக்கும் காலத்திலேயே, முறை முழுமை பெறும்வரை காத்திராமல், சேகரிப்பைத் தொடங்குவது மீன்வளத் துறைகளும் வனத்துறையும் உடனே மேற்கொள்ள வேண்டிய பணி.